இம்பால்பபிள் என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் அரிதாக வரும் 'இம்பால்பபிள்' என்ற பெயரடைக்கு அகராதியில் 'தொட்டுணர முடியாத' என்று போட்டிருக்கிறது. எல்லோரும் அறிந்த 'இன்டாஞ்சிபிள்' என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான் இருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றா? எந்த இடத்தில் எதை எழுத வேண்டும்? தமிழில் எப்படிச் சொல்வது?

இரண்டும் ஒன்றல்ல. இன்டாஞ்சிபிள் என்றால், தொடுவதற்கு உடல் என்று ஒன்று இல்லாதது. ஒரு நிறுவனத்தின் நற்பெயர், காப்புரிமை, மன உறுதி ஆகியவற்றைத் தொட முடியுமா என்று யாரும் முயன்றுகூடப் பார்ப்பதில்லை. இம்பால்பபிள் என்றால், ஒன்று அங்கே இருக்கிறது, நாம் கையை நீட்டித் துழாவுகிறோம், ஆனால் விரலுக்குத் தட்டுப்படவில்லை. முதல் சொல் அந்தப் பொருளின் இயல்பைச் சொல்கிறது. இரண்டாவது சொல் அந்தப் பொருளுக்கும் தேடும் கைக்கும் இடையே நடப்பதைச் சொல்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சொல்லின் எல்லாப் பயன்பாடுகளும் தானாகவே விளங்கிவிடும்.

வேர்ச்சொல்லே இதைச் சொல்கிறது. இன்டாஞ்சிபிளின் வேர் 'டாங்கெரே' என்ற லத்தீன் வினை. அதற்குத் தொடுதல் என்று பொருள். இம்பால்பபிளின் வேர் 'பால்பாரே'. தடவுதல், மெல்லத் தட்டுதல், தடவிப் பார்த்து அறிதல் என்பவை அதன் பொருள்கள். மருத்துவர் வயிற்றை அழுத்தித் தடவிப் பார்ப்பதைக் குறிக்கும் 'பால்பேஷன்' இந்த வேரிலிருந்து வந்ததுதான். பூச்சிகளின் வாயருகே உணவைத் தடவிப் பார்க்கும் 'பால்ப்' என்ற சிற்றுறுப்புக்கும், நெஞ்சுப் படபடப்பைக் குறிக்கும் 'பால்பிடேஷன்' என்ற சொல்லுக்கும் இதே குடும்பம்தான். 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு 'ப' ஒலிக்கு முன்னால் 'இம்' ஆகிவிடும், 'இம்பாசிபிள்' என்பதில் ஆவதைப் போல. நேர்மறைச் சொல்லான 'பால்பபிள்' ஆங்கிலத்துக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. எதிர்மறைச் சொல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தது.

உச்சரிப்பில் நான்கு அசைகள். அழுத்தம் இரண்டாவதில் விழ வேண்டும். தமிழில் 'பால்' என்று எழுதினாலும் ஒலிக்கும்போது அது கிரிக்கெட் 'பேட்', 'கேமரா' ஆகிய சொற்களின் முதல் உயிரொலிதான்; நீட்டக் கூடாது. மூன்றாவது அசையான 'ப' மிக மெலிதாக, விழுங்கினாற்போல வரும். முதல் அசையை அழுத்திச் சொன்னால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகும்.

இனிப் பொருளுக்கு வருவோம். முதல் பயன்பாடு நேரடியானது: கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. நிழல், ஒளிக்கற்றை, மூடுபனி, இருள் போன்றவற்றோடுதான் இலக்கிய ஆங்கிலம் இதை அதிகம் சேர்க்கிறது. 'இம்பால்பபிள் மிஸ்ட்', 'இம்பால்பபிள் ஷேடோ' என்றெல்லாம் வரும். ஏதோ ஒரு புலனுக்கு அது முன்பே அகப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் புலனுக்கும் அகப்படாத ஒன்றுக்கு இந்தச் சொல் பொருந்தாது. கேட்காத ஒலியை 'இம்பால்பபிள் சவுண்ட்' என்று எழுதுவது தவறு. அதற்கு 'இன்ஆடிபிள்' இருக்கிறது.

இரண்டாவது பயன்பாடுதான் பலருக்குக் குழப்பம் தருவது: பொடி. பழைய வேதியியல், மருந்தியல் நூல்களில் 'இம்பால்பபிள் பவுடர்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். பொடியைத் தொட முடியாதா என்ன? தொடலாம், விரலில் ஒட்டும். தடவும்போது தனித்தனித் துகளாக உணர முடியாது என்பதுதான் இங்கே பொருள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் நறநறப்பு ஏதும் இருக்காது. தமிழில் 'மைய அரைப்பது' என்கிறோமே, அந்தப் பதம். 'தொட முடியாத பொடி' என்று மொழிபெயர்த்தால் முழுத் தவறு. 'நெருடாத பொடி', 'மைபோல் நுண்ணிய பொடி' என்பவை சரி. துணியில் சலித்தெடுத்த பொடியை மருந்து செய்பவர்கள் வஸ்திரகாயம் செய்தது என்பார்கள். மூல நூலில் துணியால் சலித்த பொடி என்ற குறிப்பு இருந்தால் மட்டும் அந்தச் சொல்லைப் போடலாம். இம்பால்பபிள் என்பது பொடியின் பதத்தைச் சொல்கிறதே தவிர, அதை எடுத்த முறையைச் சொல்வதில்லை.

எவ்வளவு நுண்மையானால் அது இம்பால்பபிள் ஆகும்? அது தடவிப் பார்க்கும் உறுப்பைப் பொறுத்தது. மண்ணை ஆய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2 மைக்ரானுக்கும் 63 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைப்பட்ட வண்டல் துகள், அதிலும் நுண்வண்டல், விரலுக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். அதே மண்ணில் ஒரு சிட்டிகையை முன்பற்களுக்கு இடையே வைத்து மெல்லக் கடித்தால் நறநறவென்று காட்டிக்கொடுத்துவிடும். 2 மைக்ரானுக்குக் கீழான களிமண்ணோ பல்லுக்கும் நெருடாது. களத்தில் நிற்கும் புவியியலாளர்கள் வண்டலையும் களியையும் பிரித்தறிய இன்றும் இதைச் செய்கிறார்கள். நாக்கின் எல்லை ஏறக்குறைய 30 மைக்ரான். சாக்லேட் தயாரிப்பவர்கள் துகளை 20 மைக்ரான் அளவுக்கு அரைப்பது நாக்குக்கு நெருடக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது யாருக்கு, எதற்கு என்பதை 'டு' என்ற முன்னிடைச் சொல்லால் காட்டுவது நல்லது. 'இம்பால்பபிள் டு த ஃபிங்கர்ஸ்' என்றால் விரலுக்கு நெருடாதது, 'இம்பால்பபிள் டு த டங்' என்றால் நாக்குக்கு நெருடாதது. அறிவியல் எழுத்தில் இந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் வாக்கியத்தின் துல்லியம் வெகுவாகக் கூடும்.

அந்தப் பழைய செய்முறைகளைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உலர்வாக அரைத்துக்கொண்டே இருந்தால் பொடி இம்பால்பபிள் ஆகிவிடாது. ஓரளவுக்கு மேல் நுண்மையானதும் துகள்கள் தமக்குள்ளே ஒட்டிக்கொண்டு கட்டி தட்டும். அரைக்க அரைக்கத் தொடுவதற்குக் கரகரப்பு கூடியதுபோல் இருக்கும். அதனால்தான் நீர்விட்டு அரைத்து, நிறைய நீரில் கலக்கி, சற்றுப் பொறுத்து மேல்நீரை மட்டும் இறுத்து வடித்தார்கள். துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் 10 செ.மீ. ஆழம் இறங்க 5 நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். அதே ஆழம் இறங்க 2 மைக்ரான் துகளுக்கு 8 மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஆகவே 5 நிமிடம் பொறுத்து மேல்நீரை வடித்தால் கரடான துகள்கள் அடியில் தங்கிவிடும், வடித்த நீரில் இருப்பது மட்டுமே இம்பால்பபிள். பொறுக்காமல் உடனே வடித்தால் பெருந்துகளும் கூடவே வந்துவிடும். களிம்பில் சேர்க்கும் மருந்துப் பொடி, கண்ணில் இடும் களிம்பு ஆகியவற்றில் இந்தப் பிழை வெறும் நேர்த்திக் குறைவு மட்டுமல்ல. அந்தத் துகள் கண்ணை உறுத்தும். ஒரு செய்முறையில் இந்தப் பெயரடை வந்தால் அது அலங்காரத்துக்குப் போட்டதல்ல, எட்ட வேண்டிய பதத்தைச் சொல்லும் அளவுகோல். அர்ஜென்டினாவின் ஸ்பானிய மொழியில் பொடிச் சர்க்கரையை இன்றும் 'அசூகார் இம்பால்பாப்லே' என்றுதான் சொல்கிறார்கள். அந்த அன்றாடப் பெயரிலும் இதே பொருள்தான்.

மூன்றாவது பயன்பாடு மனத்தைச் சார்ந்தது. அறிவு துழாவிப் பார்க்கிறது, ஆனால் 'இதோ இதுதான்' என்று சுட்ட முடியவில்லை. இருவர் நட்பில் வந்துவிட்ட மாற்றம், ஓர் அறைக்குள் நுழைந்ததும் தோன்றும் இனம்புரியாத அச்சம், நல்ல மொழிபெயர்ப்புக்கும் மிக நல்ல மொழிபெயர்ப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு, இவற்றுக்கெல்லாம் 'இம்பால்பபிள்' அழகாகப் பொருந்தும். 'ஆன் இம்பால்பபிள் டிஃபரன்ஸ்' என்று எழுதுபவர், வேறுபாடு சிறியது என்று சொல்லவில்லை. வேறுபாடு இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்கிறார். 'மிகச் சிறிய வேறுபாடு' என்று தமிழில் போட்டால் அந்தக் கருத்து முழுவதும் போய்விடும். 'சுட்டிக்காட்ட முடியாத வேறுபாடு', 'பிடிபடாத வேறுபாடு' என்பவை நெருங்கி வரும்.

அன்றாட வாழ்வில் இந்தச் சொல்லின் பொருள் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் மருத்துவ அறிக்கை. பிரிட்டிஷ் வழக்கில் 'இம்பால்பபிள்' என்றும், அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் 'நான்பால்பபிள்' என்றும் எழுதுவார்கள். பொருள் ஒன்றே: பரிசோதித்தபோது கைக்குத் தட்டுப்படவில்லை. 'இல்லை' என்று அதற்குப் பொருள் கிடையவே கிடையாது. மண்ணீரல் இம்பால்பபிள் என்று எழுதியிருந்தால் அது பொதுவாக நல்ல செய்தி. இயல்பான மண்ணீரல் விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், நன்றாக வீங்கினால்தான் கைக்கு எட்டும். மார்பகத்தில் 'இம்பால்பபிள் லீஷன்' என்று இருந்தால் நிலைமை வேறு. ஸ்கேனிலோ மேமோகிராமிலோ ஏதோ தெரிந்திருக்கிறது, கையால் தடவினால் மட்டும் தெரியவில்லை என்று பொருள். அறுவை மருத்துவரின் விரலாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி இடத்தைக் குறித்து வைக்கும் முறை வந்தது. 'கட்டி இல்லை' என்று யாராவது மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டால் அந்த நோயாளி அடுத்த பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடலாம்.

ஆண் குழந்தைகளின் விதைப்பைக்கு இறங்காத விதையைப் பற்றிய அறிக்கைகளிலும் இதே சொல் வரும். அப்படி இறங்காதவற்றில் ஏறக்குறைய 5இல் 1 பங்கு கைக்குத் தட்டுப்படுவதில்லை. அது வயிற்றுக்குள் இருக்கலாம், கவட்டுப் பாதையில் மறைந்திருக்கலாம், வளராமல் சுருங்கியும் போயிருக்கலாம். எது என்று அறிய லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டியிருக்கும். இங்கே 'இல்லை' என்ற மொழிபெயர்ப்பு தேடலையே நிறுத்திவிடும். காலின் நாடித்துடிப்பும் அப்படியே. பாதத்தின் மேற்புறத்தில் நாடி இம்பால்பபிள் என்றால் 'நாடி இல்லை' என்று எழுதக் கூடாது. 'நாடி கைக்குப் பிடிபடவில்லை' என்பதே சரி. நலமாக இருப்பவர்களிலும் சிலருக்கு அந்த இடத்தில் நாடி பிடிபடாது. டாப்ளர் கருவியை வைத்தால்தான் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று தெரியும். நோயாளியின் குடும்பத்துக்கு அறிக்கையை விளக்கிச் சொல்பவர்கள் இந்த ஒரு சொல்லில் மிகுந்த கவனம் காட்ட வேண்டும்.

'பால்பபிள்' என்ற நேர்மறைச் சொல்லைத் தெரிந்தவர்கள் விழும் ஒரு பள்ளமும் உண்டு. இன்றைய செய்தி ஆங்கிலத்தில் 'பால்பபிள் டென்ஷன்' என்று அடிக்கடி வருகிறது. கையால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு அழுத்தமான இறுக்கம் என்பது அதன் பொருள். அப்படியானால் 'இம்பால்பபிள் டென்ஷன்' என்பது இறுக்கம் குறைவு என்றா பொருள்படும்? இல்லை. இறுக்கம் கடுமையாகவே இருக்கலாம், வெளியே காட்டும் அடையாளம்தான் அகப்படவில்லை. நேர்மறைச் சொல் உவமையாகப் போகும்போது தீவிரத்தையும் வெளிப்படைத்தன்மையையும் ஒருசேரச் சொல்கிறது. எதிர்மறைச் சொல் வெளிப்படைத்தன்மையை மட்டுமே மறுக்கிறது, தீவிரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே 'அங்கே பதற்றமே இல்லை' என்று சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் பார்த்துவிடலாம், ஏனெனில் பெரும்பாலான தவறுகள் இவற்றை மாற்றிப் போடுவதால்தான் வருகின்றன. இன்டாஞ்சிபிள் சில துறைகளில் கலைச்சொல்லாக உறைந்துவிட்டது. கணக்கியலில் சர்வதேசக் கணக்கியல் தரம் 38 அதை வரையறுக்கிறது: பருப்பொருள் வடிவம் இல்லாத, பணம் சாராத, தனியே இனங்காணத்தக்க சொத்து. யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை 'இன்டாஞ்சிபிள் கல்ச்சுரல் ஹெரிடேஜ்' என்ற பெயரைக் கொண்டது. இந்த இடங்களில் இம்பால்பபிள் என்று மாற்றினால் நயம் ஏதும் கூடாது. படிப்பவருக்குப் பிழையாகவே படும்.

சட்டத்தில் 'இன்கார்ப்போரியல்' வரும். உடலற்றது என்பது அதன் நேர்ப்பொருள். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ் பொருள்களைத் தொடக்கூடியவை, தொட முடியாதவை என்று இரண்டாகப் பிரித்தார். வாரிசுரிமை, கடப்பாடு போன்றவை இரண்டாம் வகை. இந்தப் பிரிவுதான் ஆங்கிலச் சொத்துச் சட்டம்வரை வந்தது. நிலத்தின் மீதான வழியுரிமை இன்கார்ப்போரியல். அதை இம்பால்பபிள் என்று எந்த வழக்கறிஞரும் எழுதமாட்டார். 'இம்மெட்டீரியல்' இன்னும் ஆபத்தானது. மெய்யியலில் அதற்குப் பருப்பொருள் அல்லாதது என்று பொருள் இருந்தாலும், நீதிமன்றத்திலும் பேச்சிலும் அது 'பொருட்படுத்தத் தேவையில்லாதது' என்றே ஒலிக்கும்.

'இம்பாண்டரபிள்' எடையோடு தொடர்புடையது. ஒருகாலத்தில் வெப்பம், ஒளி, மின்சாரம், காந்தம் ஆகியவற்றை எடையற்ற பாய்மங்கள் என்று கருதி அந்தப் பெயரிட்டார்கள். லவாய்சியே 1789இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் ஒளியும் 'கலோரிக்' என்ற வெப்பமும்கூட இடம்பெற்றிருந்தன. இன்று அந்தச் சொல் 'முன்கூட்டிக் கணிக்க முடியாதது' என்ற பொருளில் வாழ்கிறது. 'இம்பெர்செப்டிபிள்' எந்தப் புலனுக்கும் எட்டாத அளவுக்குச் சிறியதைக் குறிக்கும். ஒன்றைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்றால் அதை இம்பெர்செப்டிபிள் என்று சொல்ல முடியாது, இம்பால்பபிள் என்று சொல்லலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய சில இலக்கணச் செய்திகள். உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன்' என்ற சுட்டிடைச்சொல்தான் வரும். 'வெரி இம்பால்பபிள்' என்பது காதுக்கு ஒவ்வாது. தொட முடிகிறது, முடியவில்லை என்பதில் 'மிக' என்று கூட்டிச் சொல்ல இடமில்லை. 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி', 'ஆல் பட்' ஆகியவை இயல்பாகச் சேரும். வினையடை 'இம்பால்பப்ளி', பெயர் 'இம்பால்பபிலிட்டி'. இரண்டும் அரிதானவை, தேவைப்பட்டாலன்றித் தொடாமல் விடுவதே நல்லது. இன்டாஞ்சிபிளுக்குப் பன்மைப் பெயராக 'இன்டாஞ்சிபிள்ஸ்' உண்டு. இதை அப்படிப் பன்மையாக்கி எழுதும் வழக்கம் கிட்டத்தட்ட இல்லை. சாதாரண மின்னஞ்சலில், அலுவலகக் குறிப்பில் இந்தச் சொல்லைப் போட்டால் எழுதியவர் புலமை காட்ட முயல்கிறார் என்றுதான் தோன்றும். மருத்துவம், நுண்பொடி, நுணுக்கமான உரைநடை ஆகிய மூன்றும்தான் இதற்கு உரிய இடங்கள்.

ஒலி ஒற்றுமையால் வரும் பிழைகள் தனி. நம்பத்தகாத வாதத்தைச் சொல்ல 'இம்ப்ளாசிபிள்' வேண்டும். வாய்க்குப் பிடிக்காத சுவைக்கு 'அன்பேலட்டபிள்'. கடக்க முடியாத பாதைக்கு 'இம்பாஸபிள்'. எழுத்துப்பிழைத் திருத்தி இவற்றில் எதையும் கண்டுபிடிக்காது, ஏனெனில் எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள்.

தமிழாக்கத்துக்கு ஒரே ஒரு சொல்லை நிலையாக வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தொடு உணர்வுக்குப் பழந்தமிழில் 'ஊறு' என்ற அருமையான சொல் இருக்கிறது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்ற வரிசையில் வருவது அதுதான். ஆனால் இன்றைய வாசகருக்கு ஊறு என்றால் கேடு, தீங்கு. ஆகவே 'ஊறற்ற' என்று புதிதாக ஆக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். 'அருவமான' என்பது உருவமே இல்லாததைக் குறிப்பதால் அதை இன்கார்ப்போரியலுக்கு விட்டுவிடலாம். 'புலப்படாத' என்பது இம்பெர்செப்டிபிளுக்கு. பொதுவான இடங்களில் 'கைக்கு அகப்படாத', மருத்துவத்தில் 'கைக்குத் தட்டுப்படாத', பொடிக்கு 'நெருடாத', மனம் சார்ந்த இடங்களில் 'பிடிபடாத' என்று பிரித்துக்கொண்டால் போதும். கதையிலோ கவிதையிலோ ஒரே பத்தியில் இந்தச் சொல் பொடிக்கும் மனநிலைக்கும் சேர்த்து இரட்டைப் பொருளில் வந்திருந்தால் 'விரலுக்குள் நிற்காத' என்று இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதிப் பார்க்கலாம். அதுவும் இடறினால் பொடிக்கு ஒரு சொல், மனத்துக்கு ஒரு சொல் என்று தனித்தனியாகப் போட்டுவிடுவது நல்லது. சிலேடை போனாலும் இரண்டு பொருளும் தப்பிவிடும்.